ஆறு வேகன் போதும்

வளையமாக ஒரு தண்டவாளம், அதிலிருந்து பிரிந்து போகிற இரண்டு குட்டி லைன், சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு இன்ஜின், ஆறு வேகன். என் மச்சானிடம் இருந்த பொம்மை ரயில் மொத்தமும் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்று அவன் சொன்னான். நான் கேட்கவில்லை. வாங்கி வாங்கிக் குவித்தேன். இதில் பெருமைப்பட எனக்கு எதுவுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நாங்கள் இருவரும் ராயபுரம் கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தோம். என்னை நம்பர் டேக்கர் என்பார்கள். கையில் நோட்டோடு லைன் லைனாக நடந்து, எந்த வேகன் எந்த வரிசையில் நிற்கிறது, எந்த ஊருக்குப் போகிறது என்று எழுத வேண்டும். அவன் ஷண்டிங்கில் இருந்தான். வேகன்களுக்கு நடுவே புகுந்து கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. வந்த வண்டியைப் பிரித்து, போக வேண்டிய ஊர் வரிசையில் திரும்பக் கோப்பதில் அவனுக்கு ஒரு தனி மூளை. மற்றவர்கள் இன்ஜினை ஆறு தடவை முன்னும் பின்னும் விட்டுச் செய்கிற வேலையை அவன் நாலு தடவையில் முடிப்பான். அவன் டியூட்டி என்றால் டிரைவர்களுக்குச் சந்தோஷம். இருபத்தாறு வயதில் அவனுக்கு அந்தத் திமிர் நிறையவே இருந்தது. நியாயமான திமிர்தான்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு ஐப்பசி மழையில் அது நடந்தது. உப்பு ஏற்றிய வேகன்களிலிருந்து தண்ணீர் ஒழுகி, தண்டவாளக் கட்டைகளெல்லாம் வழவழவென்று கிடந்தன. அவனே இன்ஜினுக்குக் கை காட்டினான், அவனே வழுக்கி விழுந்தான். இன்ஜின் மெதுவாகத்தான் வந்தது. வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்யாணம் ஆகாதவன், அப்பா அம்மா இல்லாதவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரே ஒரு அறையும் சமையல் இடமும். கதவுக்குப் பக்கத்தில் அவனுக்குப் பாய் போட்டோம். அங்கிருந்து கடலும் தெரியாது, யார்டும் தெரியாது. வேகன்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டும் நாளெல்லாம் கேட்கும். ஒவ்வொரு மோதலுக்கும் கண்ணை மூடிக்கொள்வான். தட்டில் சோறு பாதிக்கு மேல் மிஞ்சும். தாடி மார்பைத் தொடப் பார்த்தது.

ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டு, "காசிமேட்டாண்ட இஸ்துகினு போயி ஒரு கட்டுமரத்துல ஏத்தி வுட்டுரு அக்கா. அப்பால நா பாத்துக்கறேன்" என்றான். ஏதோ கடைக்குப் போய் வரச் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு உள்ளே போய் என் சவரக் கத்தியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அதன் பிறகு நான் தெருமுனைக் கடையில்தான் சவரம் செய்துகொண்டேன்.

விபத்து நடந்த அன்றைக்கு அந்த இன்ஜினை ஓட்டியவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர். சுதந்திரம் வந்ததும் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கிளம்பினார். கிளம்பும் முன் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பையன் வளர்ந்துவிட்டான், கப்பலில் கொண்டுபோக இடமில்லை என்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றுவிட்டுப் போய்விட்டார். மச்சான் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பொம்மை ரயிலைப் பார்த்தான். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

"பாத்தியா மாமா, என் கால எட்த்த வண்டிய சின்னதாக்கிக் குட்த்துட்டுப் போறாரு."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் அதை வளையத்தில் ஓடவிட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள், "செக்கு மாடாவது எண்ணெ ஆட்டுது. இது இன்னாத்துக்கு சுத்துது?" என்று பெட்டிக்குள் தள்ளிவிட்டான். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தேன். யார்டில் நடக்கிறவன் கால் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிலக்கரித் தூளும் சாம்பலும் விரல் இடுக்கெல்லாம் அப்பியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாலும் தரையில் கறுப்பாகத் தடம் விழும். "யார்டயே வூட்டுக்கு இஸ்துகினு வந்துட்டியா?" என்று என் மனைவி தினமும் கத்துவாள். அன்றைக்கும் கத்தினாள். தரையில் படுத்திருந்தவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"மூணாவது லைன்ல இன்னிக்கி இன்னா நிக்குது மாமா?"

பிரித்துக் கோக்க வேண்டிய வேகன்கள் மூன்றாவது லைனில்தான் நிற்கும். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடு என்றான். இன்ஜின் பக்கத்திலிருந்து முதல் ஆறு வேகன்களை, வகையும் ஊருமாக எழுதிக் கொடுத்தேன். பெட்டியை இழுத்தான். பொம்மை வேகன்களில் மூடியது மூன்று, திறந்தது இரண்டு, எண்ணெய் டாங்கி ஒன்று. சீட்டில் இருந்த வரிசைக்கு அவற்றை நிறுத்தினான். வகை பொருந்தாத இடத்தில் அட்டைத் துண்டில் எழுதி மேலே வைத்தான். ஒவ்வொன்றுக்கும் அரக்கோணம், கூடூர், பெஜவாடா என்று ஊர் ஒட்டினான். பிறகு ஷண்டிங் ஆரம்பித்தது. கையால் வேகனைத் தூக்கக் கூடாது, இன்ஜின்தான் தள்ள வேண்டும், இழுக்க வேண்டும். அரைச் சாவி கொடுத்தால் இன்ஜின் இரண்டு சாண் போகும், கால் சாவிக்கு ஒரு சாண். அந்தக் கணக்கை அவன் விரல் அன்றே கற்றுக்கொண்டது. ஏழு தடவையில் வண்டியைக் கோத்து முடித்தான். விளக்கேற்ற வந்த என் மனைவி அப்படியே நின்று பார்த்தாள்.

மறுநாள் அவன் சவரக் கத்தி கேட்டான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்துக் கொடுத்தவள், அவன் சவரம் செய்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான் வரும்போது முகம் பளபளவென்று இருந்தது. தலை வாரியிருந்தான். டியூட்டிக்கு ஏறுகிறவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படி உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் அதுதான். அவன் உயிர் அந்தச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை. எனக்கு அது தெரியும், என் மனைவிக்கும் தெரியும், வாயால் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கும் அது பிடித்துப்போயிற்று. காப்பியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். நான் ஒன்பது தடவையில் முடிப்பதாகச் சொல்வேன், அவன் ஏழு என்பான். ஏழில்தான் முடியும். "நீ எழுதத்தான் லாயக்கு மாமா" என்பான். அதே ஆறு வேகன், அதே இரண்டு லைன். ஆனால் நேற்று இருந்த சிக்கல் இன்றைக்கு இருக்காது.

இன்னும் நாலு வேகன் வாங்கித் தரட்டுமா என்று அப்போதே ஒரு தடவை கேட்டேன். "ஆறு போதும் மாமா. இந்த ஆறையே இன்னும் நா கரைச்சி குடிக்கல" என்றான்.

பிறகு எனக்கு ஆபீஸுக்குள் மேஜை வேலை கிடைத்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். ஆபீஸ் துறைமுகத்துப் பக்கம், மூன்றாவது லைன் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். வேலை முடிந்ததும் அங்கே ஒரு நடை போய் எழுதிக்கொண்டு வர வேண்டும். பத்து நிமிஷ நடை. முதல் மாதம் போனேன். ஒரு நாள் தலைவலி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மனசில் தோன்றிய ஆறு வேகனை எழுதினேன். வீட்டில் கொடுத்தேன். அவன் வாங்கினான், கோத்தான், முடித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வினையாகிவிட்டது. அடுத்த வாரம் இரண்டு நாள் அப்படி, பிறகு தினமும் அப்படி.

இன்றைக்கு நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. பத்து நிமிஷம். டீக்கடையில் அரை மணி நேரம் ஊர் வம்பு பேசினவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் போய்விட்டது!

உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. உறுத்தலுக்கு நான் ஒரு மருந்து கண்டுபிடித்தேன். யானைக்கவுனியில் பழைய சீமைச் சாமான் விற்கிற ஒரு கடை இருந்தது. ஊரைவிட்டுப் போகிற துரைமார் வீட்டுச் சாமானெல்லாம் அங்கே வந்து குவிந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தகரத்தில் செய்த ஒரு ஸ்டேஷன் வாங்கிவந்தேன். அப்புறம் கைகாட்டி மரம். அப்புறம் பாலம். அப்புறம் நாலு வேகன். வாங்குகிற அன்றைக்கு எனக்கு மனசு லேசாக இருக்கும், நன்றாகத் தூக்கம் வரும். கடைக்காரரே, "மச்சானுக்கு இவ்வளவு செய்றவர நா பாத்ததில்ல சார்" என்றார். அதையும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

மச்சான் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்ப்பான். "சோக்கா கீது மாமா" என்று சொல்லிச் சுவரோரம் வைத்துவிடுவான். அந்தப் பெட்டிகள் அங்கேயே அடுக்கடுக்காக ஏறின. என் மனைவி அவற்றின் மேல் மாவு டின்னை வைத்தாள். எனக்குக் கோபம். நன்றி கெட்டவன் என்று ஒரு தடவை அவளிடமே சொன்னேன். அவளுக்கு அந்த நாட்களில் வேறொரு சந்தோஷம். "இப்பத்தான் என் வூட்டுத் தர தரையா கீது. பாரேன், ஆபீசர் காலு!" என்று அவன் காதுபடவே சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் சிரித்தானா என்று நான் கவனிக்கவில்லை.

பொய்ச் சீட்டு எழுதுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். எனக்கு அதுவும் இல்லை. ஒரு நாள் அவசரத்தில் டாங்கியை இன்ஜினுக்கு அடுத்ததாக எழுதிவிட்டேன். யார்டில் சின்ன ஆளுக்குக்கூடத் தெரியும், எண்ணெய் டாங்கியை இன்ஜின் பக்கத்தில் கோக்க மாட்டார்கள். நெருப்புப் பொறி பறக்கிற இடம் அது. நடுவே வேறு வேகன்கள் தடுப்பாக இருந்தே ஆக வேண்டும். பத்து வருஷம் வேகன் எழுதினவன் நான்.

சீட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தான். "டாங்கி மொதல்லயா நின்னுச்சி?"

"ஆமா."

"இன்ஜின் மாட்டி கீதா?"

"மாட்டித்தான் கீது."

"எவன் கோத்தது?"

"யாராவது புது ஆளா இருக்கும். எனக்கு இன்னா தெரியும்?"

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "மாமா, டீ அப்பால குடி. ஓடிப்போயி யார்டு மாஸ்டராண்ட சொல்லிட்டு வா. பொறி பட்டா அங்க ஒருத்தன் மிஞ்ச மாட்டான்" என்றான். அவன் பயந்ததை நான் பார்த்தேன். தன் காலைப் பற்றிக்கூட அவன் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், ஒரு பீடி பிடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். "சொல்லிட்டேன், மாத்திட்டாங்க" என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். "அப்ப சரி" என்றான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் இரண்டாவது இன்ஜின் வாங்கினேன். சிவப்பு நிறம், பழையதைவிடப் பெரியது, சக்கரமெல்லாம் பித்தளை வளையம். பூசை முடிந்து வந்து, கேக் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். அவன் தொடவே இல்லை.

"யாருக்கு மாமா?"

"இன்னா கேள்வி இது? உனக்குத்தான்."

"ஒரு ஆளு ரெண்டு இன்ஜின எப்டி ஓட்டுவான்?"

எனக்கு எரிந்தது. "வாங்கிக் குட்த்தாலும் பேஜாரு, குடுக்காட்டியும் பேஜாரு! இன்னாதான் வோணும் உனக்கு?" என்றேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "உன் காலு எட்டு மாசமா வெள்ளையா கீது மாமா."

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். சமையல் இடத்தில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மொத நாளே தெரியும். படுத்துனு கீறவனுக்கு காலுதான மொதல்ல கண்ல படுது? தெரிஞ்சிதான் ஆடினேன். நீ பக்கத்துல வந்து குந்துவியே, அதுக்கோசரம். டாங்கி வந்துச்சி பாரு, அன்னிக்கி மட்டும், ஒருவேள அது நெஜமான்னு பயந்துட்டேன். அப்பவும் நீ போவல."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். குட்டு வெளிப்பட்டவனுக்கு வருகிற கோபம்தான் எனக்கு வந்தது. "ஆறு தகர டப்பாவுக்கோசரம் தெனமும் நா ஊரச் சுத்தினு வரணுமா? எனக்கு வேற வேல இல்லியா?" என்று கத்திவிட்டேன்.

அவன் பழைய இன்ஜினை எடுத்துத் துணியில் துடைத்து, ஆறு வேகன்களையும் ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்து, மூடியைச் சாத்தினான்.

மறுநாள் நான் மூன்றாவது லைனுக்குப் போனேன். அந்த வாரம் முழுக்கப் போனேன். கரிக்காலோடு வந்து சீட்டை நீட்டினேன். அவன் முதலில் காலைப் பார்த்தான், பிறகு சீட்டைப் படித்தான். "அப்பால பாக்கறேன் மாமா" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பெட்டியைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் மழை. சந்து முனையில் நின்றபடி, வீட்டுக் கரி மூட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காலில் பூசிக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பூசவில்லை, நனைந்துகொண்டே யார்டுக்குப் போனேன். ஆனாலும் தோன்றியதே, அதை என்ன செய்வது? அவனும் அதைத்தானே யோசித்திருப்பான்.

அவன் தாடி வளர ஆரம்பித்தது. ஒரு காலையில் என் மனைவி சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் போட்டாள்.

சிவப்பு இன்ஜினையும் பாலத்தையும் மற்றதையும் யானைக்கவுனிக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவரோரம் காலியானது. அவன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஐப்பசியில் அவனுக்கு ஜுரம் வந்தது, மார்பில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். பாதிரியார் வந்து சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வேகன்கள் மோதுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"மூணாவது லைன்ல இன்னா நிக்குது மாமா?"

குடைகூட எடுக்காமல் ஓடினேன். எனக்குப் பதிலாக வந்திருந்த நம்பர் டேக்கர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். நனைந்த காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். என் மனைவி பெட்டியைத் திறந்து தண்டவாளத்தைப் போட்டு வைத்திருந்தாள். சீட்டைப் படித்தேன். அவனுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. கை மட்டும் பாயிலிருந்து இறங்கித் தரையில் துழாவியது. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்தேன். கை என் காலைத் தேடிக் கண்டுபிடித்தது. விரல் இடுக்கில் ஒட்டியிருந்த ஈரக் கரியைத் தடவிப் பார்த்து, இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினான்.

"டாங்கி எங்க கீது?"

"நாலாவது."

"முன்னால மூணு தடுப்பு கீது. அப்ப சரி. அர சாவி குடு மாமா."

கொடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் இன்ஜினை விட்டேன், கொக்கியை மாட்டினேன், கழற்றினேன். இரண்டு இடத்தில் தப்பாக விட்டேன், திருத்தினான். ஏழு தடவையில் முடிந்தது. "நீ எழுதத்தான் லாயக்கு" என்றான். விடிவதற்குள் போய்விட்டான்.

காலையில் குளிப்பாட்டினார்கள். முகம் மழித்துவிட்டார்கள். என் மனைவி அவன் வலது கையை எடுத்து, விரல் நுனியில் இருந்த கறுப்பை ஈரத் துணியால் துடைக்கப் போனாள்.

"வுடு. யார்டு கரி அது. அவனாண்டயே இருக்கட்டும்" என்றேன்.

அவள் துணியை வாளியில் போட்டாள்.